ஊருக்குப் பாதாள சாக்கடை வருகிறது: குழாயை எந்தத் தெருவிலிருந்து தொடங்கச் சொல்வது?

வடக்குக்காற்று (பாம்ப்லெமூஸ் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும், கொஞ்சம் அவசரம்.

நாங்கள் இருப்பது மொரீஷியஸ் தீவின் வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், ஐந்நூறு வீடு இருக்கும். எல்லா வீட்டிலும் ஃபோஸ்தான், அதாவது கழிவு இறங்கும் குழி. இப்போது கழிவுநீர்க் குழாய் எங்கள் ஊருக்கும் வரப்போகிறது என்று வரைபடம் காட்டினார்கள். வேலை மூன்று கட்டமாம். முதலில் மேட்டில் இருக்கும் பெரிய ரோடு, கடைகள், அதை ஒட்டிய அப்பார்ட்மெண்ட். அடுத்தது பின்னால் வந்திருக்கும் புது மோர்செல்மான், அதாவது மனை பிரித்து விற்ற நிலம். கடைசியாக, பணம் இருந்தால், ஓடையோரம் இருக்கும் கீழத்தெரு. மக்கள் கருத்து எழுதித்தர மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கீழத்தெருப் பெண். தைப்பூசத்துக்கு எங்கள் ஊரில் காவடி கிளம்புவது அந்த ஓடைக்கரையிலிருந்துதான். அப்பா காலத்தில் ஓடையிலேயே தலை முழுகி, ஈரத்துணியோடு அங்கேயே அலகு குத்திக்கொண்டு கோயிலுக்கு நடப்பார்கள். இரண்டு வருஷமாக நாங்கள் வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்துப்போய்க் கரையில் நின்று ஊற்றிக்கொள்கிறோம். ஓடைத் தண்ணீரில் இறங்க யாருக்கும் மனசு வரவில்லை, அந்த வாடை. ஓடை போகிற திசையிலேயே, கரும்புக்கு அப்பால், குடிநீருக்கு இறைக்கும் ஆழ்துளைக் கிணறும் இருக்கிறது.

கீழத்தெருவை முதல் கட்டத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று எழுத நினைக்கிறேன். ஆனால் அதைத் தொழில்நுட்பக் காரணத்தோடு சொன்னால்தானே காதில் வாங்குவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய பிளம்பர் (தேர் ரூஜ்)

தங்கச்சி, நான் நாற்பது வருஷம் இந்த வேலை செய்தவன். ஃபோஸ் தோண்டியதற்குக் கணக்கே கிடையாது. ஒரு விஷயம் சொல்கிறேன், உன் கடிதத்தில் எப்படியாவது சேர்த்துவிடு.

இங்கே குழி தோண்டினால் இரண்டு அடி, மூன்று அடி மண். அதற்குக் கீழே கருங்கல். பாறை இறுகியிருந்தால் பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டும். சில இடத்தில் பாறை பிளந்து இடுக்கு இடுக்காக இருக்கும். அங்கே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம், கண் எதிரே காணாமல் போகும். அந்த மாதிரி இடம் கிடைத்தால் வீட்டுக்காரருக்கு ரொம்ப சந்தோஷம். "என் ஃபோஸ் இருபது வருஷமா நிரம்பவே இல்லை, லாரியே கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் அந்தக் காலத்தில் அதை நல்ல ஃபோஸ் என்றுதான் நினைத்தேன்.

நிரம்பாத ஃபோஸைத்தான் பார்த்துப் பயப்பட வேண்டும். மண்ணில் மெதுவாக இறங்கினால் மண் வடிகட்டும், அழுக்கில் பாதியை மண்ணில் இருக்கும் கிருமிகளே தின்றுவிடும். பாறை இடுக்கில் இறங்குவது அப்படியே நேராகக் கீழே போகிறது. உங்கள் தெருவில் யார் யார் வீட்டு ஃபோஸ் நிரம்புவதே இல்லை என்று கேட்டுப் பார். ஓடைக்கும் கிணற்றுக்கும் போவது அந்த வீடுகளின் தண்ணீர்.

---

நீரூற்று (ரெதுய்)

நான் நிலத்தடி நீர் பற்றிப் படிக்கிறேன் அக்கா. பிளம்பர் ஐயா சொன்னது எங்கள் பாடத்தில் இருப்பதேதான். எரிமலைப் பாறைத் தீவு இது. தண்ணீர் பாறையின் பிளவு வழியாகவும், லாவா ஓடிக் குளிர்ந்தபோது உண்டான குகைகள் வழியாகவும் ஓடுகிறது. மணலில் மாசு நகர வருஷக்கணக்கில் ஆகும். இங்கே சில இடங்களில் நாள்கணக்கே போதும்.

நம் தீவின் குடிநீரில் ஏறக்குறைய பாதி நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. பெரிய நிலத்தடி நீர்த்தாங்கிகள் ஐந்து, அதில் ஒன்று வடக்குச் சமவெளியின் அடியில். உங்கள் ஊர் அதன் மேலே உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் ஊருக்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். 500 வீடு, வீட்டுக்கு 4 பேர், 2,000 பேர். ஒரு ஆள் உடம்பிலிருந்து ஒரு நாளைக்கு 11 கிராம் அளவுக்கு நைட்ரஜன் கழிவில் போகிறது. ஊருக்கு ஒரு நாளைக்கு 22 கிலோ, வருஷத்துக்கு 8 டன். ஊர் ஒரு சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர் மழை, அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 450 மில்லிமீட்டர், நிலத்தடிக்கு இறங்கினால் 4,50,000 கன மீட்டர். ஃபோஸ் வழியாக இறங்கும் தண்ணீர் ஆளுக்கு 150 லிட்டர் வீதம் இன்னும் 1,10,000. அந்த 8 டன்னை இந்தத் தண்ணீரில் கரைத்தால் நைட்ரேட்டாக லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் வரும். மூன்றில் ஒரு பங்கு சேற்றோடும் காற்றோடும் போய்விடுகிறது என்றாலும் 40க்கு மேல் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு 50. அதற்கு மேல் போனால் பால்புட்டி குடிக்கும் குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய், குழந்தை நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு.

உங்கள் கிணற்றில் இப்போது இவ்வளவு இருக்கிறது என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. கிணற்றுக்கு ஊருக்கு வெளியிலிருந்தும் தண்ணீர் வருகிறது, அது கரைத்துவிடும். ஆனால் இவ்வளவு நெருக்கமான வீடுகளுக்கு ஃபோஸ் ஏன் தாங்காது என்று காட்ட இந்தக் கணக்கு போதும். இன்னொன்று, நன்றாகக் கட்டிய செப்டிக் டேங்க்கூட நைட்ரஜனில் பெரும்பகுதியை எடுப்பதில்லை, முக்கியமாகத் திடக்கழிவைத்தான் பிடித்துவைக்கும்.

---

கரும்புத்தோட்டம் (ரிவியேர் து ரோம்பார்)

நான் மூன்று அர்ப்பான் கரும்பு வைத்திருக்கிறேன். நைட்ரேட் என்றாலே எங்கள் உரத்தின் மேல் பழி போடுவார்கள். உரமும் இறங்குகிறது, மறுக்கவில்லை. இந்தத் தம்பி வீட்டுக் கணக்கையும் போட்டுக் காட்டியது நல்லது.

ஆனால் நான் சொல்ல வருவது வேறு. சாக்கடைக் குழாய் வந்தால் ஊர் சுத்தமாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். குழாய் போகும் இடமெல்லாம் நிலம் துண்டு போடப்படும். ஃபோஸ் இருக்கும்வரை மனைக்கு ஒரு அளவு வேண்டும், குழி தோண்ட இடம் விட வேண்டும். குழாய் வந்தால் அந்தக் கட்டு போய்விடும். இன்று கரும்பு நிற்கும் இடத்தில் நாளைக்கு மூன்று மாடி எழும். மழை இறங்க மண் எங்கே இருக்கும்? கழிவைத் தடுத்துவிட்டு ஊற்றையே மூடிவிட்டால் என்ன லாபம்?

இரண்டாவது கட்டம் மோர்செல்மானுக்கு என்கிறாயே தங்கச்சி, அங்கே இப்போது எத்தனை வீட்டில் ஆள் குடியிருக்கிறார்கள்? எண்ணிப் பார்.

---

வடக்குக்காற்று

எண்ணிப் பார்த்தேன் அண்ணா, நேற்று சாயங்காலம் நடந்தே போய். மோர்செல்மானில் மனைக்கல் நட்டிருப்பதுதான் அதிகம், விளக்கு எரிவது 12 வீட்டில். கீழத்தெருவில் 43 வீடு, எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறோம்.

ஃபோஸ் விஷயமும் கேட்டேன். லாரியே கூப்பிட்டதில்லை என்று 19 வீட்டில் சொன்னார்கள். அதில் எங்கள் வீடும் ஒன்று. இதை எழுதும்போது கஷ்டமாக இருக்கிறது. வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போன அந்தத் தண்ணீரில் எங்களுடையதும் இருக்கிறது.

---

வாக்வா மழை (வாக்வா)

தங்கச்சி, நான் குழாய் வேலையில் சர்வேயராக இருந்தவன், மேட்டுப் பகுதியில் நிறைய வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் வரைபடத்தில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது.

கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் தானாகச் சரிந்து ஓட வேண்டும். 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 150 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம் இருந்தால் நொடிக்கு 70 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடி, தன் அழுக்கைத் தானே அடித்துக்கொண்டு போகும். வேகம் அதைவிட நன்றாகக் குறைந்தால் அடியில் மணலும் கொழுப்பும் தங்கி அடைக்கும். சமதரையில் இந்த இறக்கத்தோடு ஒரு கிலோமீட்டர் போனால் குழாய் ஆறரை மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். கருங்கல்லில் அவ்வளவு ஆழம் வெட்டுவது எத்தனை நாள் வேலை, எவ்வளவு செலவு என்று பிளம்பர் ஐயாவைக் கேளுங்கள். அதனால்தான் குழாய் எப்போதும் நிலத்தின் சரிவைத் தேடிப் போகும். சரிவு எங்கே போகிறது? ஓடைக்கு.

இந்த வேலையைக் கீழிருந்து மேலே செய்வதுதான் முறை. தாழ்ந்த இடத்தில் முதலில் குழாய் போட்டு, அதிலிருந்து மேட்டுத் தெருக்களுக்குக் கிளை எடுத்துப் போவார்கள். உங்கள் ஊரில் மேட்டு ரோட்டை முதலில் செய்கிறார்கள் என்றால், அங்கே சேரும் கழிவை எங்கே கொண்டுபோகிறார்கள்? நான் ஊகிப்பது இதுதான்: ரோட்டோரம் ஒரு பம்ப் நிலையம் வைத்து, அடுத்த ஊர்ப் பெரிய குழாய்க்குத் தள்ளப்போகிறார்கள். பிறகு என்றாவது கீழத்தெருவுக்கு வந்தால் அங்கே இன்னொரு பம்ப் நிலையம் வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம், ஆள், பழுதுபார்ப்பு எல்லாம் இரட்டை. கீழத்தெருவின் தாழ்ந்த கோடியில் ஒரே நிலையம் முதலிலேயே வைத்தால் ஊர் முழுவதும் தானாகச் சரிந்து அங்கே வந்துவிடும்.

வரைபடத்தில் பம்ப் நிலையம் எத்தனை, எங்கே என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தின் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

---

கடலோரம் (த்ரூ ஓ பிஷ்)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பம்ப் நிலையத்தை ஓடைக்கரையில் வைப்பதை நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு நிலையத்தில் பம்ப் நின்றுபோய், மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு கழிவு மூன்று நாள் ரோட்டில் வழிந்து, கடைசியில் கடலில் கலந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த வாரம் யாரும் வலை போடவில்லை.

எங்கள் குடும்பம் லகூனை, பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடலை, நம்பி வாழ்வது. நிலத்தடித் தண்ணீர் கடற்கரையோடு நின்றுவிடும் என்று மேட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது கடலுக்கு அடியிலும் ஊறி வருகிறது. லகூனில் நீந்தும்போது சில இடத்தில் திடீரென்று தண்ணீர் குளிர்ந்திருக்கும், கண்ணுக்குக் கலங்கலாக, எண்ணெய் விட்டது மாதிரி தெரியும். அங்கே நல்ல தண்ணீர் உப்பில் கலக்கிறது. அந்த இடங்களைச் சுற்றித்தான் பச்சைப் பாசி முதலில் பிடிக்கிறது. பாசி மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் இல்லை. பவளம் போனால் மீன் குஞ்சுக்கு வீடு இல்லை.

2020இல் வகாஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியபோது நாங்கள் தென்கிழக்குப் பக்கம் போய், கரும்புச் சோகையைத் துணியில் திணித்து மிதவை தைத்தோம். பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை இரவு பகலாக உட்கார்ந்து தைத்தார்கள். எண்ணெய் கறுப்பாகக் கண்ணுக்குத் தெரிந்தது, ஊரே ஓடி வந்தது. ஃபோஸிலிருந்து தினமும் கசிவது கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் அதே வேகத்தோடு நாம் ஓடி வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

---

வாக்வா மழை

அண்ணா, உங்கள் பயம் நியாயமானது. நிலையத்தைத் தாழ்ந்த இடத்தில் வைக்காவிட்டால் கழிவு வராது, தாழ்ந்த இடத்தில் வைத்தால் ஓடை பக்கத்தில். இதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் எப்படிக் கட்டுகிறார்கள் என்பதில் நிறைய இருக்கிறது.

ஒன்று, இடம். நம் சட்டத்தில் ஆற்றுக்கு 16 மீட்டர், சிற்றாற்றுக்கு 8 மீட்டர், வாய்க்காலுக்கு 3 மீட்டர் கரை ஒதுக்கு உண்டு. நிலையம் அந்த ஒதுக்குக்கு வெளியே இருக்க வேண்டும், அதோடு வெள்ளம் ஏறிய பழைய மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அந்த மட்டம் எது என்று ஆபீஸில் இருப்பவர்களைவிட உங்கள் தெருப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். சுவரில் கறை எதுவரை ஏறியது என்று கைகாட்டுவார்கள், அதைப் படம் பிடித்துக் கடிதத்தோடு வையுங்கள்.

அப்புறம், பம்ப் நின்றால் தாங்கும் தொட்டி. உங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு 300 கன மீட்டர் கழிவு வரும். ஆறு மணிநேரம் தாங்க 75 கன மீட்டர் தொட்டி போதும், ஐந்து மீட்டர் நீளம், ஐந்து அகலம், மூன்று ஆழம். ஒரு ஹால் அளவுதான். இதை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஜெனரேட்டரும் வேண்டும். புயல் நேரத்தில்தான் கரண்ட் போகும், அந்த நேரத்தில்தான் குழாயில் தண்ணீரும் அதிகம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயியில் ரோடே ஆறானதை எல்லோரும் பார்த்தோம்.

குழாயில் மழைத்தண்ணீர் ஏன் வருகிறது? நாமே விடுகிறோம். வீட்டுத் தாலிலிருந்து (கான்கிரீட் கூரையிலிருந்து) வரும் மழைக்குழாயைக் கழிவுநீர் ரெகாரில் (மூடி போட்ட சின்னத் தொட்டியில்) சொருகிவிடுவது ரொம்பச் சாதாரணம், முற்றத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று. கணக்குப் பாருங்கள். 150 சதுர மீட்டர் தாலில் ஒரு மணிநேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 7,500 லிட்டர். நாலு பேர் வீட்டின் கழிவு ஒரு நாளைக்கு 600 லிட்டர். ஒரே வீட்டுத் தால் ஒரு மணிநேரத்தில் பன்னிரண்டு வீட்டின் ஒரு நாள் கழிவுக்குச் சமமான தண்ணீரைக் குழாயில் தள்ளுகிறது. பத்து வீட்டில் இப்படிச் செய்தால் எந்தத் தொட்டியும் தாங்காது. த்ரூ ஓ பிஷ் அண்ணா பார்த்த வழிசல் எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்தவற்றில் பாதி இப்படித்தான்.

---

சேன்போல் அருவி (ரெயூனியோன்)

பக்கத்துத் தீவிலிருந்து வணக்கம். தமிழ் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மலைச்சரிவில் எல்லா இடத்துக்கும் குழாய் போட முடியாது. குழாய் வராத வீட்டுக்கு என்ன செய்வது என்பதை நீங்களும் யோசிக்க வேண்டும், கடைசிக் கட்டம் வர எத்தனை வருஷம் ஆகுமோ. இங்கே 2006 டிசம்பர் சட்டத்தின்படி, குழாய் இல்லாத வீட்டின் ஃபோஸைச் சோதிப்பது நகராட்சியின் கடமை. பத்து வருஷத்துக்குள் ஒரு முறையாவது வந்து மூடியைத் திறந்து பார்ப்பார்கள். வீட்டை விற்கும்போது மூன்று வருஷத்துக்கு உட்பட்ட சோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டும். குறை இருந்தால் வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் சரிசெய்ய வேண்டும். என் மாமா வீடு வாங்கியபோது அந்த அறிக்கையைக் காட்டித்தான் விலையைக் குறைத்தார், குறைந்த பணத்தில் புது ஃபோஸ் கட்டினார்.

எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வீட்டு ஃபோஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது பெரிய விஷயம்.

---

பழைய பிளம்பர்

ரெயூனியோன் தம்பி தமிழில் ஒரு குறையும் இல்லை. தொடர்ந்து எழுதுங்கள்.

இப்போது யாரும் பேசாத ஒன்றைப் பேசுகிறேன், வீட்டு இணைப்பு. ரோட்டில் குழாய் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என் அனுபவத்தில் பாதி வேலை அதற்குப் பிறகுதான். நம் வீடுகளில் சமையலறையும் குளியலறையும் பின்பக்கம், ஃபோஸும் பின்பக்கம். ரோட்டுக் குழாய் முன்பக்கம். பின்னாலிருந்து முன்னால் கொண்டுவர வீட்டின் பக்கவாட்டில் வெட்ட வேண்டும். அங்கே இடம் கிடையாது, சிமெண்ட் போட்டு மூடியிருப்பார்கள், அல்லது மகன் ஒரு அறை கட்டியிருப்பான். கீழத்தெரு வீடுகள் ரோட்டைவிடத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் ரோட்டுக்கு ஏறவே ஏறாது. அந்த வீடுகளுக்குக் குழாய் வீட்டின் பின்னால், ஓடைப் பக்கமாகத்தான் வர வேண்டும், அதற்கு எல்லோரும் கொல்லையில் வழி விட வேண்டும். அண்ணன் தம்பிக்குள் கோர்ட்டில் இருக்கும் மனைகளும் உங்கள் தெருவில் இருக்கும்.

குழாய் வந்தால் வீட்டுக்காரர் இணைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் பென்ஷனில் இருக்கும் ஒரு பாட்டி முற்றத்தை உடைத்துக் குழாய் போட எங்கே போவாள்? இணைத்த பிறகு தண்ணீர் பில்லோடு கழிவுநீர்க் கட்டணமும் வரும். வீட்டுக்குள் போடும் குழாய்க்கும் திட்டத்திலேயே பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒதுக்காவிட்டால் ரோட்டில் புதுக் குழாய் காலியாகக் கிடக்கும், ஃபோஸ் அப்படியே கீழே கசிந்துகொண்டிருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

பழைய ஃபோஸை என்ன செய்வது என்பதையும் மறக்காதீர்கள். லாரி வைத்து உறிஞ்சி, அடியை உடைத்து, கல்லும் மண்ணும் போட்டு நிரப்ப வேண்டும். அப்படியே மூடிவைத்தால் பத்து வருஷம் கழித்து யாராவது உள்ளே விழுவார்கள்.

---

கரும்புத்தோட்டம்

ஒருவரும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நிலம் துண்டாவதை எப்படித் தடுப்பது?

---

நீரூற்று

அண்ணா, உங்கள் கேள்வியை நான் விடவில்லை, என் பேராசிரியரிடமே கேட்டேன். அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். குழாயின் அளவே ஒரு முடிவுதான். 2,000 பேருக்கு வேண்டிய குழாய் போட்டால் அவ்வளவுதான் போகும். பிற்காலத்துக்கு இருக்கட்டும் என்று பெரிய குழாய் போட்டு, கரும்பு நிலத்தின் எல்லைவரை நீட்டி முனையை மூடி வைத்தால், அந்த மூடிய முனையைக் காட்டியே அடுத்த மோர்செல்மானுக்கு அனுமதி கேட்பார்கள். கிணற்றுக்கு மேலே, தண்ணீர் ஊறும் பக்கத்தில், இந்தக் கோட்டுக்கு அப்பால் குழாய் போகாது என்று இப்போதே வரைபடத்தில் ஒரு கோடு போடச் சொல்லலாம். எந்தப் பக்கத்திலிருந்து கிணற்றுக்குத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்தால்தான் கோடு போட முடியும். அதனால் அந்தக் கிணற்றின் தண்ணீர்ச் சோதனை முடிவுகளையும் கேளுங்கள் அக்கா, கடந்த சில வருஷத்து நைட்ரேட் அளவு, மழைக்காலத்தில் தனி, வறண்ட காலத்தில் தனி.

---

கரும்புத்தோட்டம்

கோடு போட்டால் என் நிலத்தின் விலை ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். என் நிலம் அந்தப் பக்கம்தான். பரவாயில்லை. என் தாத்தா கல் பொறுக்கிக் குவித்து உண்டாக்கிய நிலம் அது, அந்தக் கல் குவியல்கள் இன்னும் நிற்கின்றன. உரத்தையும் குறைத்துப் பார்க்கிறேன், மழைக்கு முன்னால் போடாமல். கோடு போடச் சொல்லி நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

---

கடலோரம்

சேரும் கழிவு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்றும் கேளுங்கள். பே து தோம்போவுக்கா, க்ரான் பேக்கா? பே து தோம்போவிலும் மோந்தாஞ் ஜாக்கோவிலும் சுத்திகரிப்பு அவ்வளவு ஆழமாகப் போகாது, நீண்ட குழாய் வழியாக வெளிக்கடலில் விடுகிறார்கள். சேன் மார்தேனில் மூன்று படி சுத்திகரித்து வயலுக்குப் பாய்ச்சக் கொடுக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து வரும் 300 கன மீட்டரை ஏற்க, அது போகும் நிலையத்தில் இடம் இருக்கிறதா? மேட்டில் எடுத்த அழுக்கை என் லகூனில் கொண்டுவந்து இறக்கினால் உங்கள் ஓடை பிழைக்கும், நாங்கள்?

---

வடக்குக்காற்று

கடலோரம் அண்ணா, உங்கள் கேள்வியை எங்கள் கேள்விகளுக்கு முன்னால் வைத்துவிட்டேன். கடிதம் எழுதிவிட்டேன், இப்படிப் போகிறது:

"எங்கள் ஊரில் எடுக்கும் கழிவு எந்த நிலையத்துக்குப் போகிறது, அங்கே என்ன சுத்திகரிப்பு நடக்கிறது, இடம் இருக்கிறதா என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். பம்ப் நிலையங்கள் எத்தனை, எங்கே என்று வரைபடத்தில் காட்ட வேண்டுகிறோம். கீழத்தெருவின் தாழ்ந்த முனையில், கரை ஒதுக்குக்கும் வெள்ள மட்டத்துக்கும் வெளியே, ஆறு மணிநேரத் தொட்டியோடும் ஜெனரேட்டரோடும் ஒரே நிலையம் கட்டி, அங்கிருந்து மேலே போனால் மூன்றாவது கட்டம் முதலாவதாகும், இன்னொரு நிலையமும் தேவைப்படாது என்று கருதுகிறோம். ஆள் குடியிருக்கும் 43 வீடுகளின் கழிவு இன்று ஓடைக்கும் குடிநீர்க் கிணற்றின் திசைக்கும் இறங்குகிறது, அதில் 19 வீடுகளின் குழிகள் ஒருபோதும் நிரம்பியதில்லை. வீட்டு இணைப்புச் செலவும் பழைய குழிகளை மூடும் செலவும் திட்டத்திலேயே சேர வேண்டும். குழாய் எந்தக் கோட்டோடு நிற்கும் என்பதை இப்போதே வரைந்து காட்ட வேண்டும். கிணற்றுத் தண்ணீரின் நைட்ரேட் அளவுகளை எங்களுக்குத் தர வேண்டும். எங்கள் பங்குக்கு, எந்த வீட்டு மழைத்தண்ணீரையும் கழிவுநீர்க் குழாயில் விடமாட்டோம் என்று தெருவார் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறோம்."

கடைசி வரிக்குத்தான் அதிக நேரம் ஆனது. 43 வீட்டில் 38 கையெழுத்து வந்துவிட்டது. மீதி ஐந்து வீட்டில் மழைக்குழாயை எங்கே திருப்பிவிடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். முற்றம் முழுக்க சிமெண்ட்.

---

வாக்வா மழை

கடிதம் நன்றாக இருக்கிறது தங்கச்சி. "கருதுகிறோம்" என்ற இடத்தில் தரை மட்டங்களையும் கொடுத்தால் இன்னும் வலுவாகும். பெரிய ரோட்டுக்கும் ஓடைப் பாலத்துக்கும் எத்தனை மீட்டர் இறக்கம் என்று அளந்துவிட்டால், ஒரே நிலையம் போதுமா என்பதற்கு எண்ணே பதில் சொல்லும். என்னிடம் பழைய லெவல் கருவி இருக்கிறது. ஞாயிறு காலை வரட்டுமா?

---

பழைய பிளம்பர்

நானும் வருகிறேன். அந்த ஐந்து வீட்டையும் பார்த்துவிடலாம். சிமெண்டில் ஒரு ஓரமாக அரை மீட்டர் அகலம் உடைத்துக் கல் நிரப்பினால் தால் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும், ஒரு காலை நேர வேலை. சுத்தமான மழைத்தண்ணீர் பாறை இடுக்கில் இறங்கட்டும், கிணற்றுக்கு நல்லதுதான். மண்வெட்டி, கடப்பாரை யார் வீட்டில் இருக்கிறது?

---

வடக்குக்காற்று

எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது ஐயா. ஞாயிறு காலை ஆறரைக்கு ஓடைப் பாலத்தருகே நிற்கிறேன், வெயில் ஏறுவதற்குள் அளந்துவிடலாம். அம்மா எல்லோருக்கும் இட்லி ஊற்றுகிறேன் என்கிறாள். கரும்புத்தோட்டம் அண்ணா, உங்கள் வரப்பு வழியாகத்தான் கிணற்றுப் பக்கம் போக முடியும், கேட்டைத் திறந்து வையுங்கள்.